துருவத்து டைனோசர்கள் குளிர்காலத்தையும் அங்கேயே கழித்தனவா? விஞ்ஞான தினக் காட்சிக்கு விளக்கம் தேவை

மாங்குளம் ரீச்சர்:

வணக்கம். எங்கட பாடசாலை விஞ்ஞான தினத்துக்குத் தரம் 10, 11 பிள்ளைகள் துருவப் பகுதி டைனோசர்களைப் பற்றி ஒரு மேசை வைக்கப் போகினம். படம் எல்லாம் கீறியாச்சு: வெண்பனிக்குள் நிற்கிற, பெரிய கண் உள்ள டைனோசர். ஆனால் "இது எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் குறையாகத் தெரியுது.

மூன்று விஷயம் வேண்டும். மாதக்கணக்கான இருட்டில் இவை அங்கேயே நின்றனவா, அல்லது மன்னாருக்கு வந்து போகிற பறவைகள் மாதிரி இடம்பெயர்ந்தனவா? ஆதாரம் எல்லாம் மிகச் சின்ன எலும்புகள் என்று வாசித்தேன். அவற்றை எப்படி எடுக்கினம், பிள்ளைகள் கையால் செய்து காட்டக்கூடிய ஏதாவது உண்டா? கடைசியாக, "எங்கட வன்னியில டைனோசர் எலும்பு இருக்குமா?" என்று பெற்றோர் கட்டாயம் கேட்பினம். எங்களிடம் ஒரு நுணுக்குக்காட்டி, ஆறு கைவில்லைகள் இருக்கு. காசு பெரிதாக இல்லை.

முறிப்பான்:

ரீச்சர், முதல் வேலையாகப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு உலகப்படம் வையுங்கோ. இன்று துருவத்தில் இருக்கிற இடமும் அன்று துருவத்தில் இருந்த இடமும் ஒன்றல்ல. இதைத் தெளிவாக்காமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாக் கரை இன்று தெற்கு 38, 39 பாகையில் இருக்கு. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுக்கு முன் அது அந்தாட்டிக்காவோடு ஒட்டி, தென்துருவ வட்டத்துக்கு உள்ளே இருந்தது. மறுபக்கம், அந்தாட்டிக்காவின் கேர்க்பற்றிக் மலையில் ஏறக்குறைய 4000 மீற்றர் உயரத்தில் 1990-91 பருவத்தில் எடுத்த கிரயோலோஃபோசோரஸ் என்ற டைனோசர் இன்று தென்துருவத்துக்குக் கிட்டக் கிடந்தாலும், அது வாழ்ந்த ஆரம்ப யுராசிக் காலத்தில் அந்த நிலம் இன்னும் வடக்கே, மிதமான காலநிலையில் இருந்தது. பனிக்குள் தோண்டி எடுத்தார்கள் என்பதற்காக அது பனிக்குள் வாழ்ந்தது என்று எழுதிவிட வேண்டாம். பலரும் தவறுகிற இடம் இதுதான்.

உங்கட கேள்விக்கு மிகப் பலமான இடம் வட அலாஸ்காவின் கொல்வில் ஆற்றங்கரை. பிரின்ஸ் கிறீக் பாறைப்படை, ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. அந்த இடம் இன்று வடக்கு 70 பாகை. அன்று 80 முதல் 85. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 6 பாகை செல்சியஸ் அளவு (நுவரெலியாவுக்கு 16 அளவு). குளிர்காலத்தில் உறைபனியும் வெண்பனியும் உண்டு, ஆனால் இன்றைய பனிப்பாலை இல்லை. காடு இருந்தது, இலையுதிர்க்கிற ஊசியிலை மரங்கள். உங்கட பிள்ளைகளின் வெள்ளைப் படத்தில் மரங்கள் கட்டாயம் வேணும்.

இருட்டைப் பிள்ளைகளே கணக்கிடலாம். 80 பாகையில், சூரியன் நடுக்கோட்டுக்குத் தெற்கே 10 பாகைக்கு மேல் இறங்கினால் அது உதிக்காது. சூரியச் சாய்வு அட்டவணையைப் பார்த்தால் ஒக்ரோபர் 20 அளவில் மறைந்து பெப்ரவரி 20 அளவில் திரும்பும், 120 நாள் அளவு. அதிலும் இரு முனைகளிலும் இரண்டு கிழமைக்கு மேல் மத்தியானத்தில் மங்கல் வெளிச்சம் இருக்கும். அதுகூட இல்லாத காலம் ஏறக்குறைய 90 நாள். கிளிநொச்சியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும்தான். இரண்டையும் ஒரே வரைபில் போட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி இடப்பெயர்வு. பறவை பறக்கும், இவை நடக்க வேணும். குளிர்காலத்திலும் சூரியன் உதிக்கிற இடத்துக்குப் போக வேணுமென்றால், 80 பாகையில் இருந்து துருவ வட்டத்துக்கு 13.5 பாகை. பாகைக்கு 111 கிலோமீற்றர் என்றால் 1500 கிலோமீற்றர், ஒரு வழி. வளர்ந்த ஹட்ரோசோர் (வாத்துவாய்த் தாவரவுண்ணி டைனோசர்) நடந்துவிடும். குஞ்சு நடக்காது. 2021-இல் டிரக்கன்மில்லர், எரிக்சன் குழுவினர் வெளியிட்டது இதைத்தான்: பிரின்ஸ் கிறீக்கில் முட்டைக்குள் இருந்த அல்லது அப்போதுதான் பொரித்த குஞ்சுகளின் எலும்பும் பல்லும், ஏழு டைனோசர் குழுக்களில் இருந்து. ஹட்ரோசோர், கொம்பு டைனோசர், டைரனோசோர் எல்லாம் அதற்குள் அடக்கம். கோடைக்கு மட்டும் வந்து மேய்ந்துவிட்டுப் போனவை என்றால் இவ்வளவு குழுக்களின் குஞ்சு அங்கே கிடக்காது.

இதோடு 2017-இல் எரிக்சன் குழு செய்த இன்னொரு வேலையைச் சேருங்கோ. முட்டைக்குள் இருந்த குஞ்சுகளின் பற்களில் நாளுக்கொன்றாகப் படிகிற நுண்கோடுகளை எண்ணி அடைகாலத்தைக் கணித்தார்கள். கொம்பு டைனோசர்களின் உறவான புரோட்டோசெரடொப்ஸுக்கு ஏறக்குறைய 83 நாள், ஹட்ரோசோர் இனமான ஹைபக்ரோசோரஸுக்கு 171 நாள். அலாஸ்கா ஹட்ரோசோருக்கும் அதே அளவு என்று வைத்து, வெண்பனி இளகிச் சித்திரை நடுப்பகுதியில் முட்டையிட்டால் பொரிப்பது ஒக்ரோபர் தொடக்கம். சூரியன் மறைய இரண்டு, மூன்று கிழமைதான் மிச்சம். ஒரு மீற்றரும் இல்லாத குஞ்சு அதற்குள் எங்கே போகிறது? அங்கேயே நின்றன என்பதே என் தெளிவான முடிவு.

கனகராயன்:

அண்ணை, விக்ரோரியாவின் டைனோசர் கோவ் என்ற இடத்தில் கிடைத்த லீலினசோரா என்ற சின்னத் தாவரவுண்ணி டைனோசரையும் போடலாமே? பெரிய கண், பார்வைக்கான மூளைப்பகுதியும் பெரிது. எலும்பை வெட்டிப் பார்த்தால், ஆண்டுக்கொருமுறை வளர்ச்சி நிற்கும்போது விழுகிற வளையமே இல்லை, அதனால் குளிர்காலம் முழுக்க விழித்திருந்தது என்று ஒரு விளக்கப்படத்தில் சொன்னார்கள்.

முறிப்பான்:

தம்பி, லீலினசோராவைப் போடுங்கோ, ஆனால் அந்த இரண்டு காரணங்களையும் தூணாக நிறுத்த வேண்டாம்.

1989-இல் பெயரிட்ட அந்த மண்டையோடு ஒரு குட்டியினுடையது. எந்தக் குட்டிக்கும் தலைக்கு அளவாகப் பார்த்தால் கண் பெரிதாகத்தான் இருக்கும். வளர்ந்த லீலினசோராவின் முழு மண்டையோடு கையில் இருந்து, அதே வயதுள்ள வெப்பநாட்டு உறவினத்தோடு ஒப்பிட்டால்தான் "இருட்டுக்கான கண்" என்று சொல்லலாம்.

வளையக் கதை 1998 ஆய்வில் இருந்து வந்தது. சின்ன தாவரவுண்ணி ஒன்றின் எலும்பில் வளர்ச்சி நின்ற கோடு இல்லை, ஊனுண்ணி டிமிமஸில் இருக்கு. ஆகவே ஒன்று விழித்திருந்தது, மற்றது உறங்கியது என்று விளக்கினார்கள். பிறகு 2011-இல் வூட்வேர்ட் குழு கூடுதலான எலும்புகளை வெட்டிப் பார்த்தபோது தாவரவுண்ணிகளிலும் கோடுகள் இருந்தன. அதைவிட முக்கியம், அந்த எலும்புகளுக்கும் வெப்பப் பகுதி டைனோசர் எலும்புகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இப்படி மாறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வயதுக்குள் செத்த குட்டியில் கோடு விழுந்திருக்காது. வளர்ந்ததில் உள்ளிருந்து எலும்பு கரைந்து பழைய கோடுகள் அழியும். எலும்பின் எந்த இடத்தை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஒன்றிரண்டு எலும்பை வைத்து உறக்கத்தையும் விழிப்பையும் தீர்மானிக்க முடியாது.

விக்ரோரியாவில் இருந்து எடுக்க வேண்டியது கூலாசுக்கஸ். 3 மீற்றருக்கு மேல் நீளமான, முதலை வடிவிலான ஈரூடகவாழி, ஏறக்குறைய 12.5 கோடி ஆண்டு. அதன் கூட்டத்தார் உலகின் மற்ற இடங்களில் அதற்குள் அழிந்துவிட்டார்கள். இங்கே குளிரால் முதலைகள் வராத ஆறுகளில் அது தப்பி நின்றது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டு கழித்துச் சூடு கூடிய காலத்து டைனோசர் கோவ் படைகளில் முதலை எலும்பு வருது, கூலாசுக்கஸ் இல்லை. டைனோசரை விட இந்த மாற்றம்தான் அந்த இடத்துக் குளிரை நன்றாகக் காட்டுகிறது.

அரிதட்டு:

ரீச்சரின் இரண்டாவது கேள்விக்கு வாறன். செய்முறையாக மண் அரிப்பைச் செய்யுங்கோ. அலாஸ்காவில் செய்ததும் அதேதான்: ஆற்றங்கரை மண்ணை வாளி வாளியாக இறக்கி, தண்ணீரில் அரித்து, மிச்சத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியின் கீழே தேக்கரண்டி தேக்கரண்டியாகப் பார்த்தார்கள். குஞ்சுப் பற்கள் பல 1, 2 மில்லிமீற்றர்தான். கண்ணால் நிலத்தைப் பார்த்து நடந்தால் ஒன்றும் கிடைக்காது.

உங்களுக்கு வேண்டியது 10 கிலோ குளத்து வண்டல். அதை வெயிலில் இரண்டு மூன்று நாள் முற்றாகக் காயவிடுங்கோ. இந்தப் படியைத்தான் எல்லாரும் தவிர்க்கினம், அங்கேயே வேலை கெடுது. ஈரக் களியைத் தண்ணீரில் போட்டால் அது பிசின் மாதிரி அப்படியே கிடக்கும். நன்றாகக் காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் புகும்போது உள்ளே அடைபட்ட காற்று கட்டியை வெடிக்க வைத்துத் தானாக உதிர்க்கும். 2 கிலோ 2 கிலோவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 லீற்றர் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கோ. கையால் பிசைய வேண்டாம், கிண்ட வேண்டாம். காலையில் கட்டி மிஞ்சினால் அதைத் திரும்பக் காயவைத்துத் திரும்ப ஊறவிடுங்கோ. தேய்த்தால் மண்ணுக்கு முதல் எலும்பு உடையும்.

இரண்டு அரிதட்டு வேண்டும். மேலே நுளம்பு வலை கட்டிய 30 சென்ரிமீற்றர் மரச்சட்டம். கீழே கண் 0.5 மில்லிமீற்றர் அளவான துருப்பிடியாத மா அரிதட்டு; ஒரு சென்ரிமீற்றருக்குள் 12, 13 கண் எண்ணினால் சரி. தட்டை அகலமான பேசினில் பாதி அமிழப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைக்க வேணும். குழாயைத் திறந்து நேரே அடித்தால் ஊசி மாதிரியான முள்ளெலும்புகள் நிமிர்ந்து கண்ணுக்குள்ளால் போய்விடும். மிச்சத்தை நிழலில் காயவிட்டு, கறுத்தக் கடதாசியில் ஒரு தேக்கரண்டி பரப்பி, இலக்கம் 0 தூரிகையை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கோ. பேரைப் பென்சிலால் எழுதி டப்பாவுக்கு உள்ளேயே போடுங்கோ. பேனை மை ஈரத்தில் ஓடும்.

இனி முக்கியமான பகுதி. அரிக்க முதல் மண்ணுக்குள் 50 நெத்தலி முள்ளந்தண்டுத் துண்டுகளைக் கலவுங்கோ. நெத்தலியை அவித்துச் சதையைக் கழுவி, ஒவ்வொரு துண்டிலும் சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒரு பொட்டு. கலக்கிறவர் ஒருவர், தேடுகிறவர்கள் வேறு. தேடுகிறவர்களுக்கு எண்ணிக்கை தெரியக் கூடாது. கடைசியில் 38 கிடைத்தால் உங்கட மீட்பு 76 வீதம். காணாமல் போன 12 எங்கே? கழுவின தண்ணீரை அடையவிட்டுப் பார்த்தால் கண் வழியே போனவை தெரியும். பார்த்து முடித்த மண்ணை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தால் கண்ணுக்குத் தப்பினவை தெரியும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அலாஸ்கா விஷயத்தில் பெரிய ஆதாரம் ஒன்று "இல்லாமை" தான். பிரின்ஸ் கிறீக் மண்ணில் டைனோசர், பறவை, முலையூட்டி, மீன் எல்லாம் வருது. ஆமை இல்லை, முதலை இல்லை, பல்லி இல்லை, தவளை இல்லை. வெளிச் சூட்டை நம்பி வாழ்கிற தரைப் பிராணி ஒன்றும் இல்லை. டைனோசர்கள் உடலுக்குள்ளேயே சூடு உண்டாக்கின என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் "இல்லை" என்று சொல்ல உங்கட அரிதட்டு சின்னதைப் பிடிக்கிறது என்று முதலில் காட்ட வேணும். அவர்கள் காட்டினார்கள்: 2023-இல் பெயரிட்ட சிக்குவோமிஸ் மிக்ரோஸ் என்ற முலையூட்டி 11 கிராம் அளவு, அதன் பல்லே தட்டில் நின்றிருக்கு. அந்தப் பல் நிற்கிற தட்டில் ஆமையோட்டுத் துண்டு தப்பாது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. கனடாவின் அக்ஸல் ஹைபேர்க் தீவில், ஏறக்குறைய 9 கோடி ஆண்டுப் படையில், 1998-இல் சம்ப்சோசோர் என்கிற முதலை வடிவான ஊர்வனவும் ஆமையும் வெளியிடப்பட்டன. அப்போது அங்கே ஆண்டுச் சராசரி 14 பாகைக்கு மேல். சூடான துருவத்தில் அவை இருந்தன, குளிர்ந்த துருவத்தில் இல்லை. ஆகவே அலாஸ்காவில் அவற்றை விரட்டியது இருட்டு அல்ல, குளிர்.

மாங்குளம் ரீச்சர்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எங்கட பாடசாலைக் கிணறு கொஞ்சம் சவர், அது பரவாயில்லையா? மண் உதிராவிட்டால் வினாகிரி விடலாமா என்று பிள்ளைகள் கேட்கினம்.

அரிதட்டு:

சவர்த் தண்ணீர் வேண்டாம் ரீச்சர். உப்பு, களித் துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டித் திரள வைக்கும், நீங்கள் செய்ய வேண்டியதற்கு நேர் எதிர். மழைத் தண்ணீர் அல்லது குளத்துத் தண்ணீரில் ஊறவிடுங்கோ, கடைசிக் கழுவலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் போதும். உதிராத களிக்குச் சலவைச் சோடா, 10 லீற்றருக்கு 100 கிராம். கையுறை போட்டு, பிறகு இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவ வேணும்.

வினாகிரி கூடவே கூடாது. சிப்பி, நத்தை ஓடு நுரைத்துக் கரையும், எலும்பின் கனிப்பொருளும் அரிபடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிற எலும்பை ஆய்வுகூடங்களில் மெல்லிய அசற்றிக் அமிலத்தால் எடுப்பது உண்மை. ஆனால் அங்கே வெளியே தெரிகிற எலும்புக்குப் பிசின் பூசிக் காத்து, அளவு பார்த்துச் செய்யினம். வண்டலுக்கு அது தேவையே இல்லை.

எடுத்ததை இனம் காண: மீன் முள்ளந்தண்டு இரண்டு பக்கமும் குழிந்து, நடுவில் ஒடுங்கி இருக்கும். பாம்பினுடையது ஒரு பக்கம் குழி, மறு பக்கம் உருண்டைக் குமிழ். தவளையின் பின்கால் எலும்பில் இரண்டு எலும்பு ஒட்டின தவாளிப்புத் தெரியும். ஆமையோட்டுத் துண்டு தட்டை, ஓரம் பல் பல்லாக இருக்கும், பாலாமையாக இருந்தால் மேற்பரப்பில் புள்ளிபுள்ளியான கரடும் இருக்கும். வன்னிக் குளத்து மண்ணில் இவை ஒன்றிரண்டாவது வரும். ஒரு தட்டில் உங்கட குளத்தில் வந்த வகைகள், பக்கத்தில் அலாஸ்கா மண்ணில் வந்த வகைகளின் படம். "இன்றைய எலும்பு, உயிர்ச்சுவடு அல்ல" என்று பெரிய எழுத்தில் போடுங்கோ.

முறிப்பான்:

மூன்றாவது கேள்வி மிச்சம் கிடக்கு. வன்னியில் டைனோசர் எலும்பு கிடைக்காது, காரணத்தைப் பிள்ளைகளே சொல்லலாம். வவுனியாப் பக்கத்து அடிப்பாறை உருமாறிய பாறை. புவியியலாளர் வன்னித் தொகுதி என்று எங்கட பேரிலேயே அழைப்பது இதைத்தான். டைனோசர்கள் தோன்ற 30 கோடி ஆண்டுக்கு முன்னமே, நிலத்துக்குள் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. வடக்கே பூநகரி, குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, டைனோசர் அழிந்து 4 கோடி ஆண்டுக்குப் பிறகு கடலில் படிந்தது. ஒன்று மிகப் பழசு, மற்றது மிகப் புதுசு, இடைப்பட்ட காலத்துப் படை தரையில் இல்லை. தெற்கே புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில் யுராசிக் படை இருக்கு, அங்கே கிடைப்பது பன்னம் போன்ற தாவரச் சுவடுகள். மன்னார்க் கடலின் அடியில் கிரட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) படிவுகள் தடிப்பாக இருக்கு, ஆனால் எண்ணெய்த் துளையில் இருந்து வருவது பாறைத் தூளும் சிறு துண்டும்தான்.

துருவத் தொடர்பு வேண்டுமென்றால் பாறையிலேயே இருக்கு. தென்கண்டங்கள் எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டி இருந்தபோது இலங்கைக்குப் பக்கத்தில் இருந்தது கிழக்கு அந்தாட்டிக்காவின் லுட்சோ ஹோம் குடாப் பகுதி. அங்குள்ள உருமாறிய பாறைகளை எங்கட பாறைகளோடு வயதாலும் கனிப்பொருளாலும் பொருத்திப் பார்க்கினம். மேசையில் ஒரு வவுனியாக் கருங்கல் துண்டை வைத்து, அந்தாட்டிக்காப் படத்துக்கு ஒரு நூல் கட்டலாம்.

வண்டல் எடுக்க: ஆடி, ஆவணியில் வற்றின சிறு குளம், அல்லது குளம் தூர்வாரிக் கொட்டின மண்மேடு. மேடுதான் நல்லது, முதலை பயம் இல்லை. கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டே மண்வெட்டி போடுங்கோ. சிவப்புப் பலகை கண்ட பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.